எட்டு வினாடி டிரம்பெட்

“இது களவாணித்தனம். இதுக்குப் பேரு புராஜெக்டா?”

மைக்கில் கேட்டவர் இசையமைப்பாளர் ஆன்ட்ரூஸ். மார்த்தாண்டத்தை அடுத்த அந்தக் கல்லூரியில் மாணவர் புராஜெக்டுகளுக்கு மதிப்பெண் போட வந்திருந்தார்.

மேடையில் நின்ற ஜெனிலாவுக்குக் காதெல்லாம் சூடானது. அவளுக்கு உயிரான ஓர் அமெரிக்க ராப் பாட்டு. அதற்குள் எந்தெந்தப் பழைய இசைத்தட்டிலிருந்து எந்தெந்தத் துண்டு வந்திருக்கிறது என்று ஆறு மாதமாகத் தேடியிருந்தாள்.

“களவு இல்ல சார். அந்த ராப் பாடகன் அனுமதி வாங்கித்தான் எடுத்திருக்கான். ஆல்பம் அட்டையில நன்றியும் சொல்லியிருக்கான். எது எங்க இருக்குன்னு மட்டும் நான் கண்டுபிடிச்சேன்.”

“போட்டுக் காட்டு, பாப்போம்.”

முதலில் டிரம்ஸ். எழுபதுகளில் ஒரு ஃபங்க் குழு வாசித்தது. அடுத்து, பழைய ஜாஸ் தட்டு ஒன்றின் பேஸ் தந்தி ஒலி. அசலையும் ராப்பையும் அடுத்தடுத்துப் போட்டதும் மாணவர்கள் விசிலடித்தார்கள்.

“இவ்வளவுதானா?”

“மூணாவது ஒண்ணு உண்டு சார். டிரம்பெட். அதுவும் ஜாஸ்தான். நேரமாச்சு, விட்டிரலாம்.”

அதைப் போடுவதில்லை என்று காலையிலேயே முடிவு செய்திருந்தாள். லேப்டாப் பக்கத்தில் இருந்த தோழி நந்தனாவிடமும் சொல்லி வைத்திருந்தாள்.

ஆன்ட்ரூஸ் விடவில்லை. “எதுக்கு மறைக்கே? நானும் முப்பது வருசமா மெட்டுப் போடுகேன். ஒரு ஸ்வரம் அடுத்தவன்கிட்ட எடுத்ததில்ல. போடு பிள்ளே, எல்லாரும் கேக்கட்டும்.”

“வேண்டாமே சார்.”

“போடலைன்னா மார்க் கிடையாது.”

ஜெனிலா அவர் முகத்தை ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு நந்தனாவுக்குத் தலையசைத்தாள்.

டிரம்பெட் எழுந்தது. எட்டு வினாடி. திரும்பவும் அதே எட்டு வினாடி.

பின்வரிசையில் யாரோ அதே மெட்டில் ஒரு பாட்டை முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். மூன்றாவது சுற்றில் அரங்கமே கைதட்டிப் பாடியது. கிறிஸ்மஸ் கேரலுக்கு வீடு வீடாகப் போய்ப் பாடுகிற பாட்டு அது. பத்து வருடத்துக்கு முன்னால் அதற்கு மெட்டுப் போட்டவர் ஆன்ட்ரூஸ்.

முன்வரிசையில் இருந்த பிரின்சிபால் யேசுரத்தினம் பெருமையோடு எழுந்தார். “பாத்தீங்களா, நம்ம சார் பாட்டை அமெரிக்காக்காரன் எடுத்திருக்கான். அந்த டிரம்பெட் தட்டு எந்த வருசம் வந்தது மக்ளே?”

ஜெனிலா குரலைத் தாழ்த்தித்தான் சொன்னாள். ஆனால் மைக் கையில் இருந்தது.

“ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரெண்டு சார்.”

பாட்டு நின்றது. சிரிப்பு தொடங்கி, கைதட்டல் கூரையைத் தொட்டது.

ஆன்ட்ரூஸ் தலை நிமிராமல் மதிப்பெண் தாளை இழுத்து, யாரும் கேட்காமலே நூற்றுக்கு நூறு போட்டார்.