மெர்லின் முன்னால் திரும்பிய நாள்

இப்போதெல்லாம் கழுத்தெலும்பு முற்றிவிட்டது என்று சீட்டே அளந்து சொல்லும்வரை குழந்தையை முன்னால் பார்த்து உட்கார வைக்க எந்தக் காரும் சம்மதிப்பதில்லை. மெர்லினின் வகுப்பில் மற்ற பிள்ளைகளின் சீட்டெல்லாம் முன்பக்கம் திரும்பிவிட்டன. ஆறு வயது முடிந்தும் அவள் மட்டும் பின்பக்கம் பார்த்தபடியே பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

"சீட்டை ஏமாத்திக் குடுக்கிற ஆளு நாகர்கோவில்ல இருக்காருக்கா. அஞ்சே நிமிசம்," என்று மெர்லினின் அம்மா ஸ்டெல்லாவிடம் சொன்னான் அவள் தம்பி ஜெபின்.

"வேண்டாம்டே. பிள்ளைக்க கழுத்து இது," என்றாள் ஸ்டெல்லா. மகள் அழுத அழுகையில் அவளுக்கும் கண் கலங்கியது. ஆனாலும் மசியவில்லை.

ஆவணியில் ஒரு காலை, பெல்ட்டை மாட்டியதும் சீட்டில் பச்சை விளக்கு எரிந்தது. சீட் தானாகவே மெல்லச் சுழன்று முன்பக்கம் வந்து நின்றது. ஸ்டெல்லா பள்ளிக்குப் போகும் வழியை விட்டுவிட்டு மலைப்பக்கம் போகும் ஆரல்வாய்மொழிச் சாலையில் வண்டியைத் திருப்பினாள்.

மெர்லின் முன்கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தாள். இத்தனை வருடமும் காரிலிருந்து அவள் பார்த்த மரம், மாடு, மனிதர் எல்லாம் அவளை விட்டு விலகிப் போனவைதான்.

"அம்மா!" என்று திடீரெனக் கத்தினாள். "மலை நம்மளப் பாக்க வருதும்மா!"

ஸ்டெல்லா பள்ளிக்குப் போன் போட்டு, இன்று லீவு என்று சிரித்துக்கொண்டே சொன்னாள்.