முப்பது டிகிரி

மூன்றாவது பலகையிலேயே மூடிக்கொண்டது.

அவன் கையில் இன்னும் மூன்று பலகைகள் இருந்தன. ஒட்ட இடமில்லை.

சுவரில் மாட்டுகிற அறுகோண அலமாரி. ஆறு பலகை, ஆறு பக்கம். வீடியோவில் அந்தத் தாடிக்காரன் முப்பது டிகிரி என்றுதான் சொன்னான். இவனும் மகளுடைய காம்பஸ் பெட்டியிலிருந்து கோணமானியை எடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, முப்பதுதான் குறித்தான். அறுத்தான். தேய்த்தான். ஒட்டினான்.

முக்கோணம்.

எந்த ஓரத்திலிருந்து முப்பது என்று தாடிக்காரன் சொல்லவில்லை. இவனும் யோசிக்கவில்லை.

மிச்சம் மூன்றையாவது ஒட்டிப் பார்ப்போம் என்று ஒட்டினான். மனுஷனுக்கு ஒரு நப்பாசைதானே.

இன்னொரு முக்கோணம்.

சமையலறையில் குக்கர் விசிலடித்தது. அவன் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தான்.

ரேணுகா போன வாரமே கறாராகச் சொல்லிவிட்டாள். "எங்கம்மா வர்றதுக்குள்ள அது செவுத்துல ஏறியிருக்கோணும். இதுவும் ஊத்திக்கிச்சுன்னா உங்க பெட்டி பேரீச்சம்பழத்துக்குப் போயிரும், பாத்துக்குங்க."

சொன்னால் செய்கிறவள்.

பெட்டி கட்டிலுக்கடியில் இருந்தது. ரம்பம், இழைப்புளி, டிரில்லிங் மிஷின், வளைந்த ஆணிகள் போட்ட டப்பா. அவனுடைய மொத்த சந்தோஷமும் அதற்குள்தான். அந்தப் பெட்டி இதுவரை இந்த வீட்டுக்குக் கொடுத்தது ஒரு பக்கம் சாய்ந்த செருப்பு ஸ்டாண்டும், ஒரு குருவிகூட எட்டிப் பார்க்காத குருவிக்கூடும்.

வாசலில் ஆட்டோ வந்து நின்றது.

மாமியார்.

உடுமலையிலிருந்து பதினோரு மணி பஸ்ஸுக்குத்தான் வருவதாகச் சொல்லியிருந்தார். பாவி பஸ்காரன் எதற்கு இவ்வளவு வேகமாக ஓட்டினானோ!

அவன் பதறி ஒரு முக்கோணத்தை இன்னொன்றின் மேல் தூக்கிப் போட்டான். அது தலைகீழாக விழுந்தது. போர்வையை எடுத்து மூடுவதற்குள் மாமியார் உள்ளே வந்துவிட்டார்.

தரையைப் பார்த்தார்.

பையைக் கீழே வைத்தார்.

கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"முருகா! ஷட்கோணமுங்களா மாப்பிள்ளை?"

அவனும் அப்போதுதான் பார்த்தான். மேல் நோக்கி ஒன்று, கீழ் நோக்கி ஒன்று. செவ்வாய்க்கிழமை தவறாமல் மாமியார் பூஜையறையில் போடுகிற அதே முருகன் கோலம். மரத்தில்.

"நடுவுல படம் வெக்கறதுக்கு எடமும் விட்டிருக்காரு பாரு, ரேணுகா!"

நடுவில் இருந்த இடம் அச்சு அசல் அறுகோணம். அதைச் சொல்லி மகிழ்கிற நிலையில் அவன் இல்லை.

ரேணுகா கரண்டியோடு வாசற்படியில் நின்றாள். அறுகோண அலமாரியின் படத்தை அவன் போனில் காட்டிக் காட்டி அவள் கண்ணே பூத்துப் போயிருந்தது.

அவன் போர்வையைக் கீழே போட்டான்.

"ஆமாங்க அத்தை."

கரண்டி அசையவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

சாயங்காலம் மாமியார், அவன் அவசரமாகச் சேர்த்து ஒட்டிக் கொடுத்த ஷட்கோணத்தைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ஊருக்குப் போனார். சுவர் காலியாகவே இருந்தது. அவன் தினமும் ஆபீஸிலிருந்து வந்ததும் முதல் வேலையாகக் கட்டிலுக்கடியில் குனிந்து பார்த்தான்.

வெள்ளிக்கிழமை மாமியார் போன் செய்தார். அவருடைய தங்கச்சி பார்த்துவிட்டாளாம். அவளுக்கும் ஒன்று வேண்டுமாம். தைப்பூசத்துக்குள்.

ஞாயிற்றுக்கிழமை மறுபடி உட்கார்ந்தான். இந்த முறை சாமி காரியம். குளித்துவிட்டு உட்கார்ந்தான். அதே பலகை, அதே கோணமானி, அதே முப்பது. போன தடவை அதை எந்த ஓரத்தில் வைத்தோம் என்பதுதான் ஞாபகம் வரவில்லை. முருகன் பார்த்துக்கொள்வான் என்று ஒரு பக்கம் வைத்து அறுத்தான்.

மூன்று பலகை ஒட்டினான். மூடவில்லை.

நான்கு. மூடவில்லை.

அவனுக்கு வேர்த்தது.

ஐந்து.

ஆறாவது பலகை வந்து முதல் பலகையோடு ஒட்டிக்கொண்டது. நடுவில் ஒரு நூல் இடைவெளி இல்லை.

அறுகோணம்.

மாதக்கணக்கில் ஏங்கிய சனியன், வேண்டாத நேரத்தில் வந்து தரையில் உட்கார்ந்திருந்தது. அவன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

ரேணுகா வந்தாள். பார்த்தாள். குனிந்து ஒவ்வொரு மூலையாக விரலால் தடவினாள். நேராக உள்ளறைக்குப் போனாள்.

தெருவில் குரல் கேட்டது.

"பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழே...ம்!"

உள்ளறையில் இரும்பு இரும்போடு உரசுகிற சத்தம்.

எதையோ முந்தானையில் மறைத்துக்கொண்டு அவள் வாசலுக்குப் போனாள். அவனுக்குத் திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. முதல் சம்பளத்தில் வாங்கிய ரம்பம். அழுகையே வந்துவிட்டது.

வந்தவள் கையில் ஒரு தட்டு. தட்டில் பேரீச்சம்பழம்.

அவன் எழுந்து ஓடினான். கட்டிலுக்கடியில் கையை விட்டு இழுத்தான்.

பெட்டி இருந்தது.

திறந்தான். ரம்பம் இருந்தது. இழைப்புளி இருந்தது. மிஷின் இருந்தது.

வளைந்த ஆணிகள் போட்ட டப்பா மட்டும் இல்லை.

திரும்பி வந்தபோது ரேணுகா அறுகோணத்தைத் தூக்கிச் சுவரில் வைத்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். தட்டு அதற்குள் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது.

"இது நம்மளுக்கு இருக்கட்டுங்க. சின்னம்மாளுக்கு வேற பண்ணிக் குடுங்க. பழையபடி தப்பா."

அவன் ஒரு பேரீச்சம்பழத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு கோணமானியைத் தேடினான்.