மூலை நாற்காலி

இந்த முறை உட்கார்ந்து செய்கிற வேலை.

அவனுக்கு நம்பவே முடியவில்லை. ஜிம்னாஸ்டிக்ஸ் விரிப்பின் மூலையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. மடியில் சிவப்புக் கொடி. காலடியில் ஈரத்துணி. ஆடுகிற பிள்ளையின் கால் வெள்ளைக் கோட்டைத் தாண்டினால் கொடியைத் தூக்க வேண்டும்; மதிப்பெண் குறையும். ஆடி முடித்ததும், வழுக்காமலிருக்கக் காலில் பூசுகிற பவுடர் கோட்டருகே விட்ட தடத்தைத் துடைத்துவிட வேண்டும்.

அவ்வளவுதான்.

மூன்று வருடமாக அவன் தூக்கியதெல்லாம் மெத்தையும் தண்ணீர் கேனும். மகள் தாரிகாவைச் சேர்க்கும்போதே மாஸ்டர் சொல்லிவிட்டார், போட்டியன்று பெற்றவர்களும் வேலை செய்தாக வேண்டும், வராதவர் பிள்ளைக்கு அடுத்த போட்டி கிடையாது என்று. வருகிறவர்கள் எல்லாம் அம்மாக்கள். தாரிகாவின் அம்மா மஸ்கட்டில் நர்ஸ். அதனால் இவன். இத்தனை அம்மாக்களுக்கு நடுவில் ஓர் ஆம்பளை அகப்பட்டால் சும்மா விடுவார்களா? கனமானது எதுவானாலும் "தாரிகா அப்பா" என்று ஒரு குரல் வரும்.

சரியாக மைக்கில் மகள் பெயரைக் கூப்பிடும்போதுதான் அந்தக் குரலும் வரும். அது என்ன ராசியோ.

ஒரு தடவைகூட அவள் ஆட்டத்தை அவன் முழுசாகப் பார்த்ததில்லை. மெத்தைக்குப் பின்னாலிருந்து கைதட்டலைக் கேட்டிருக்கிறான்.

பைக்கில் வீடு திரும்பும்போது அவள் கேட்பாள், எப்படி இருந்தது என்று. சூப்பர் கண்ணு, என்பான். பின்னால் உட்கார்ந்தபடி அவன் முதுகில் ஒட்டிய மெத்தைத் தூசியைத் தட்டிவிடுவாள். மேற்கொண்டு ஒன்றும் கேட்க மாட்டாள்.

அந்தத் தட்டல்தான் அவனுக்கு வலிக்கும்.

இன்று மாநில அணிக்கான தேர்வு. நான்கு பேருக்குத்தான் இடம். முந்தைய சுற்றுகளின் மதிப்பெண்ணில் தாரிகா நான்காவதாக, நூலிழையில் நின்றாள். கடைசியாக ஆட வேண்டியவளும் அவள்தான்.

சொந்தப் பிள்ளை ஆடும்போது கொடியை வேறொருவர் கையில் கொடுத்துவிடுவது வழக்கம். வாங்கிக்கொள்ள வேண்டிய மித்ரா அம்மா சாப்பாட்டுப் பொட்டலங்களை இறக்கப் போயிருந்தார். அவன் மாஸ்டரைப் பார்த்தான். நேரமாகிறது, நீங்களே உட்காருங்கள் என்று மாஸ்டர் கையசைத்தார்.

முந்தைய பிள்ளையின் தடத்தை அழுத்தித் துடைத்துவிட்டு உட்கார்ந்தான்.

பாட்டு தொடங்கியது.

அவள் ஓடினாள்.

புரண்டாள். எழுந்தாள். காற்றில் ஒரு சுற்று சுற்றி, ஒன்றுமே நடக்காதது போல நின்றாள். சோற்றை அளைந்துகொண்டு டிவி பார்க்கிற பெண்ணா இது? ஆடும்போது அவள் சிரிப்பாள் என்பதே அவனுக்குத் தெரியாது. மூன்று வருடமாக இந்தச் சிரிப்பை ஊரே பார்த்திருக்கிறது.

கடைசி ஓட்டம் அவன் மூலையை நோக்கி வந்தது. அடுத்தடுத்து இரண்டு பல்டி. நின்றாள். இரு கைகளையும் உயர்த்தினாள்.

பாட்டு நின்றது. அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

நடுவர் அம்மா மேசையிலிருந்து அவனைப் பார்த்தார். கொடி மடியிலேயே கிடந்தது. அவர் குனிந்து எழுதத் தொடங்கினார்.

அவன் துணியை எடுத்துக்கொண்டு எழுந்தான்.

கோட்டுக்கு வெளியே ஒரு குதிகால். வெள்ளைப் பவுடரில், அச்சாக.

கோட்டை அவன் பார்க்கவே இல்லை.

துடைப்பதும் அவன் வேலைதான். ஒரே இழுப்பு. யாரும் ஏன் என்று கேட்கப் போவதில்லை.

நிமிர்ந்தான். தாரிகா இன்னும் விரிப்பிலேயே நின்றிருந்தாள். மூச்சு வாங்கிக்கொண்டு, அவனையே பார்த்தாள்.

துணியைக் கீழே போட்டான்.

கொடியைத் தூக்கினான்.

இவ்வளவு நேரம் கழித்தா என்பது போல நடுவர் அம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். பிறகு எழுதியதை அடித்து மாற்றினார். மாஸ்டர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

பலகையில் தாரிகாவின் பெயர் ஐந்தாவதாக வந்தது.

பைக்கில் அவினாசி ரோடு வழியாக வீடு திரும்பினார்கள். என்ன சொன்னாலும் அது அடிபட்ட இடத்திலேயே அடிப்பதாக ஆகிவிடும் என்று பயந்தான்.

சிக்னலில் வண்டி நின்றது.

"அப்பா, நீங்க கோட்டப் பாக்கவே இல்லதான?"

ஆமாம் என்று அவன் தலையாட்டினான்.

எப்படி இருந்தது என்று அவள் கேட்கவில்லை. பழக்கத்தில் அவள் கை அவன் முதுகுக்குப் போனது. தட்டிவிட அங்கே தூசி இல்லை.

பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். கை அங்கேயே இருந்தது.