துளியும் குலுங்கக் கூடாது

"ஏம்மா, அந்தத் தையல் மெஷினைக் கொஞ்சம் உள்ளே தள்ளிப் போடுங்க. உலகப் பொருளாதாரமே இந்த வழியாத்தான் போகப் போகுது!"

இன்ஜினியர் போட்ட சத்தத்தில் தையல்கார அம்மா மிதியிலிருந்து காலை எடுத்தாள். வாசலில் ரோடு ரோலர் உறுமிக்கொண்டிருந்தது. சந்து முழுக்கத் தார் வாடை.

"பொருளாதாரம் போறதுக்குப் பெரிய ரோடு இருக்கே சார். இந்தச் சந்துல அதுக்கு என்ன வேலை?"

"அதான்மா சூட்சுமம்! பெரிய ரோட்டுல காலி காருங்க போகும். தலைவருங்க கமுக்கமா இந்தப் பக்கம் போவாங்க." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். "வெளியே மூச்சு விட்டுடாதீங்க."

"ஐயோ, நான் எதுக்கு சார் சொல்லப் போறேன்!"

"உலகப் பொருளாதார மாநாடுன்னா சும்மாவா? எத்தனை நாடு, எத்தனை தலைவருங்க! நம்ம நாட்டு மதிப்பு எங்கேயோ போகப் போகுது."

"எங்க வேணாலும் போகட்டும் சார், குழியில விழாம போனா சரி."

இன்ஜினியர் லேசாக நெளிந்தார். அந்தக் குழியை அவருக்கு நன்றாகவே தெரியும். போன வருஷம் இந்த அம்மாவின் மகளுக்கு வலி கண்டபோது, வந்த ஆம்புலன்ஸ் சந்து முனையிலேயே குழியில் இறங்கி நின்றுவிட்டது. நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு ஓடியும் குழந்தை தங்கவில்லை. அழுதுகொண்டு ஆபீசுக்கு வந்தவளிடம் "நிதி இல்லைம்மா" என்று கையை விரித்தவர் சாட்சாத் அவர்தான். இப்போது அதே மகள் நிறைமாதமாக உள்ளே படுத்திருந்தாள்.

"இப்ப மட்டும் நிதி எங்கேருந்து சார் குதிச்சுது?"

"நிதியெல்லாம் எப்பவும் இருக்கும்மா. செலவு பண்ணக் காரணம்தான் இல்லாம இருந்துச்சு."

காரணம் போன வாரம் அவர் அறைக்கதவைத் தட்டாமலே உள்ளே வந்தது. சஃபாரி சூட்டு, கறுப்புக் கண்ணாடி, காதில் சுருள் ஒயர். வந்தவன் உட்காரவில்லை, பெயரும் சொல்லவில்லை.

"மாநாட்டு விஷயம். தையல்கார அம்மா வீட்டுச் சந்து. நீளமான வண்டி அந்த வீட்டு முனையில தாராளமா திரும்பணும். உள்ளே இருக்கறவங்க உடம்பு துளியும் குலுங்கக் கூடாது. புரிஞ்சுதா?"

அடையாள அட்டை கேட்கலாமா என்று இன்ஜினியருக்கு நாக்கு நுனி வரை வந்தது. கேட்டுத் தொலைத்து, அப்புறம் வேலைக்கு உலை வைத்துக்கொள்வானேன் என்று விழுங்கிவிட்டார். மேலதிகாரியிடம் மட்டும் பட்டும் படாமலும் காதில் போட்டு வைத்தார்.

"சார், அந்தச் சந்து விஷயமா..."

மேலதிகாரி ஒரு நொடி முழித்தார். அப்புறம் நிமிர்ந்து உட்கார்ந்தார். "தெரியும்யா, தெரியும்! எனக்கு முன்னாடியே சொல்லியாச்சு. சத்தமில்லாம முடி. சொதப்பினே, உன்னைத் தண்ணியில்லாக் காட்டுக்குத் தூக்கி அடிச்சுடுவேன்."

அன்றிலிருந்து இன்ஜினியருக்குத் தூக்கம் போச்சு.

"அந்த ஆபீசரை நீங்க பாக்கணும்மா. என்ன மிடுக்கு! சஃபாரியைப் பாத்தாலே வெளிநாட்டுத் தையல்னு தெரியுது."

"அப்படியா சார்?" தையல்கார அம்மா தலையைக் குனிந்துகொண்டு ஊசியில் நூல் கோத்தாள். அவள் முகம் மலர்ந்திருந்தது.

மாநாட்டு நாள் வந்தது. சந்து அடையாளம் தெரியவில்லை. சாக்கடைக்கு மூடி, கம்பத்துக்கு விளக்கு, சுவருக்கு வெள்ளை. தொப்பைக்கு மேல் பொத்தான் போட மறுத்த கோட்டை இழுத்துப் பிடித்தபடி, கையில் ஒரு குட்டிக் கொடியோடு இன்ஜினியர் காலையிலிருந்தே அந்த வீட்டு முனையில் நின்றார்.

தையல்கார அம்மா வீட்டு டி.வி.யில் பெரிய ரோட்டைக் காட்டினார்கள். வரிசையாகக் கார்கள் போய்க்கொண்டிருந்தன.

"எல்லாம் காலி வண்டி!" இன்ஜினியர் கண்ணடித்தார். "பாவம், ஊரே ஏமாந்துபோய்க் கையாட்டுது."

அந்நேரம் பார்த்து உள்ளேயிருந்து மகள் "அம்மா!" என்று அலறினாள். தையல்கார அம்மா போனைக் காதில் வைத்துக்கொண்டு உள்ளுக்கும் வாசலுக்குமாக ஓடினாள்.

"யாருக்கும்மா போன்?"

"வண்டிக்குத்தான் சார். வலி எடுத்துடுச்சு."

"ஐயையோ, இப்பவா! தலைவருங்க வர்ற நேரத்துல வேற வண்டி உள்ளே வரக் கூடாதும்மா. கொஞ்சம் பொறுத்துக்கச் சொல்லுங்க. நாட்டு மானம்!"

"வயித்துல இருக்கற பிள்ளைக்கு மாநாடு தெரியுமா சார்?"

பதில் சொல்ல வாய் திறந்தவருக்குச் சைரன் சத்தம் கேட்டது. சந்து முனையில் விளக்கு சுழன்றது.

"வந்துட்டாங்க! ஒதுங்குங்க, எல்லாரும் ஒதுங்குங்க!" இன்ஜினியர் கொடியை இடது கைக்கு மாற்றி, விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தார்.

நீளமான வெள்ளை வண்டி புதுத் தாரில் வழுக்கிக்கொண்டு வந்து, முனையில் தாராளமாகத் திரும்பி, தையல்கார அம்மா வாசலில் நின்றது. அது ஆம்புலன்ஸ்.

டிரைவர் குதித்து இறங்கினான். காக்கிச் சட்டைதான், ஆனால் அதே கறுப்புக் கண்ணாடி. அதைக் கழற்றிப் பையில் செருகிக்கொண்டு, சல்யூட்டை இறக்க மறந்து நின்ற இன்ஜினியரிடம் சொன்னான்:

"கேட்ட மாதிரியே போட்டுட்டீங்க சார், துளியும் குலுங்கல." அப்புறம் வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தான்: "அத்தை, அவளைக் கைத்தாங்கலா கூட்டிட்டு வாங்க. இந்தத் தடவை வண்டி வாசலுக்கே வந்துடுச்சு!"