உப்புப் பாத்தியில் நாற்று

இது மத்தியானம் வரைகூடத் தாங்காது என்று அம்சவள்ளி நினைத்துக்கொண்டாள். வெயில் ஏறினால் நுனி கருகிவிடும். அதற்குள் படம் எடுத்துவிட்டால் தேவலை.

உப்புப் பாத்தியில் நெல் நாற்று நட்டிருந்தார்கள்.

மிதித்து மிதித்து இறுக்கிய தரையில் நாற்று நிற்கவில்லை. அதனால் வானூரிலிருந்து டிராக்டரில் சேறும் வந்திருந்தது. ஒவ்வொரு நாற்று முடிக்கும் ஒரு கை சேறு, பிள்ளையார் பிடிப்பதுபோல. மறுநாள் அவள் வாரவேண்டிய உப்பு அந்தச் சேற்றுக்கு அடியில் கிடந்தது.

கொரோனா நேரத்தில் விவசாயிகளுக்கு அரசாங்கம் நிவாரணம் கொடுத்தது. உப்பு விளைவிப்பது விவசாயத்தில் சேராதாம். உப்பள முதலாளி காசிலிங்கம் தன் பாத்திகளைக் காகிதத்தில் நெல்வயலாக மாற்றினார். பயிர் வைப்பவர்களாகத் தன் வேலையாட்களின் பெயர்களைக் கொடுத்தார். அதில் தன் பெயரும் இருப்பது அம்சவள்ளிக்குப் படம் எடுக்கக் கூப்பிட்டபோதுதான் தெரியும்.

இப்போது எல்லாம் வெளிப்படையாக இருக்கவேண்டுமாம். பணம் வாங்கியவர் தன் வயலில் நிற்கும் படம் இணையத்தில் ஏறும். ஊரே பார்க்கலாம்.

ஆய்வுக்கு வந்த அலுவலர் ஜெயப்ரியா வரப்பில் நின்று செல்போனை உயர்த்தினாள். நிற்கிற இடம் சரிதானா என்று அது சொல்லிவிடும். அந்த இடத்தில் என்ன விளைகிறது என்பது அதன் வேலையில்லை.

"வெள்ளை வெள்ளையா கெடக்குதே சார், என்னா அது?"

"யூரியாம்மா," என்றார் காசிலிங்கம். "நம்ம பக்கம் கொஞ்சம் தாராளமா போடுவோம்."

அம்சவள்ளி சிரிப்பை அடக்கிக்கொண்டாள். முதலாளியைப் பார்த்து அவளால் சிரிக்க முடியாது. பயத்தால் இல்லை, நன்றியால்.

கொரோனா வந்து அவள் புருஷன் இருசப்பன் மூச்சுக்குத் திணறியபோது, இருபத்தைந்தாயிரம் வட்டிக்குக் கொடுத்தவர் அவர்தான். பத்திரம்கூடக் கேட்கவில்லை. ஒரு சின்ன மிஷினை நீட்டி, கையெழுத்துக்குப் பதிலாக இதில் விரலை வை என்றார். உப்பு அரித்த விரல் அதில் பதியவே இல்லை. அவரே தன் துண்டால் துடைத்துத் துடைத்து வைக்கச் சொன்னார். அந்தப் பரிவை அவள் மறக்கவில்லை.

இருசப்பன் பிழைத்தான். இன்றுவரை வாராவாரம் அவள் கூலியில் வட்டி பிடிக்கிறார். அவள் அதைக் குறையாக நினைத்ததில்லை. விளக்கேற்றிக் கும்பிடும்போது அவரையும் சேர்த்துத்தான் கும்பிடுவாள்.

"வீடியோவுல ஒரு வரி சொல்லிடுங்கம்மா," என்றாள் ஜெயப்ரியா. "இருபத்தஞ்சாயிரம் உங்க கணக்குல ஏறியிருக்குது. அன்னைக்கே விரல் வச்சு எடுத்துட்டீங்க. ரெண்டு மூணு தடவை ரேகை விழலைன்னுகூட இதுல இருக்குது பாருங்க. அவ்ளோ கரெக்ட்டா வச்சிருக்கோம்."

அம்சவள்ளி உப்பு அரித்த தன் விரலைப் பார்த்தாள்.

பணம் போனதுகூட அவளுக்கு அப்போது பெரிதாகத் தெரியவில்லை. இத்தனை வருஷம் கும்பிட்டதை எங்கே போய்த் திரும்பக் கேட்பது?

"சொல்லு அம்சா. நிவாரணம் வந்துச்சின்னு சொல்லு, முடிஞ்சிது." காசிலிங்கம் குடையைக் கைமாற்றிக்கொண்டார். "நாளைக்கி வேலைக்கி வரணுமில்ல?"

நாளைக்கு வேலை வேண்டும். இருசப்பனுக்கு மாத்திரை வேண்டும். அவளுக்கும் அது தெரியும்.

"ரெக்கார்ட் ஆவுது, சொல்லுங்கம்மா."

"அந்தப் பணத்துக்கு மொதலாளிக்கு இன்னும் வட்டி கட்டிக்கிட்டு இருக்கறேங்க," என்றாள் அம்சவள்ளி மெதுவாக. "நிவாரணம்னு என் வாயால சொல்ல மாட்டேன்."