யாரும் குறுக்கே வரவில்லை

மருதமுத்துவுக்கு முதுகு போய்விட்டது. மலாக்கா ஆற்றோரக் கிடங்கில் அரிசி மூட்டை தூக்கித் தூக்கி, இப்போது குனிந்தால் நிமிர முடியவில்லை. நிமிர்ந்தால் குனிய முடியவில்லை.

முதலாளி கலியாணசுந்தரத்திடம் சொல்லிப் பார்த்தான்.

"தைலம் தேய். தேர் முடிஞ்சும் இப்படியே நொண்டினா வேற ஆளைப் பார்த்துக்கிறேன்" என்றார் அவர்.

அன்றைக்குத்தான் மருதமுத்து திருடனாகிவிடுவது என்று முடிவு செய்தான். மெர்டேக்கா என்று நாட்டுக்கே சுதந்திரம் வந்து நாலு வருஷமாகியும் தனக்கு மட்டும் ஒன்றும் வரவில்லை என்பது அவன் கட்சி.

அவன் மனைவி ஜெயா, காஜா பேராங்கில் அதே முதலாளி வீட்டில்தான் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். பீரோ எந்த அறையில், சாவி எந்தத் தலையணைக்கு அடியில், எல்லாம் அவளுக்குத் தெரியும்.

"போன தேரன்னைக்கு எல்லாரும் கோயிலுக்குப் போயிட்டாங்க. முதலாளி அவசரத்துல பீரோவைத் திறந்து போட்டுட்டுப் போயிட்டாரு. நான்தான் சாத்தினேன். அட்டிகை, காசுமாலை, ஒட்டியாணம், எல்லாம் உள்ளேயே கிடந்துச்சுய்யா."

"வீட்ல யாருமே இல்லையா?"

"முதலாளியம்மா சிவகாமசுந்தரி மட்டும் வயித்தைப் பிடிச்சுக்கிட்டு பின்வாசல்ல பாய் போட்டுப் படுத்திருந்துச்சு. இந்தத் தேருக்கும் அப்படித்தான் கிடக்கும்போல. என்கிட்டச் சொல்லி அழுவுது."

முன்வாசல் தெருவைப் பார்த்தது. தேர் அந்தத் தெரு வழியாகத்தான் வரும். பின்வாசலை விட்டால் வேறு வழியில்லை.

"அப்போ முதலாளிக்கு ஜாகா சம்பளம் மிச்சம். பொண்டாட்டியே காவல்" என்றான் மருதமுத்து.

ஜெயா சுற்றும்முற்றும் பார்த்தாள். "அதுக்கு இப்போ புதுசா ஒரு மாத்திரை வந்திருக்குதாம்" என்றாள், குரலைத் தாழ்த்தி.

உஜோங் பாசிரில் ஒரு டாக்டரிடம் கட்டுப்போட்டு மருந்து கொடுக்கும் டிரெசராக இருந்த கருணாகரன், மருதமுத்துவோடு ஒரே தோட்டத்தில் வளர்ந்தவன். விஷயத்தைக் கேட்டதும் எழுந்து போய்க் கதவைச் சாத்தினான்.

"டாக்டருக்குத் தெரியாமக் குடுக்கிறேன். என் பேரு வெளியே வந்துச்சு, தொலைச்சிடுவேன்."

"உசுருக்கு ஒண்ணும் ஆகாதே?"

"ஆகாது. தலை சுத்தும், குமட்டும். இப்பவே ஆரம்பிச்சிடணும். ஒரு நாள் விட்டாலும் காரியம் கெட்டுடும்."

ஜெயா நாள் தவறாமல் கொடுத்தாள். "ஐயாவுக்குத் தெரிய வேணாம்மான்னு சொன்னேன். சரின்னு முழுங்கிடுது. ரெண்டு நாளா முகமே வெளுத்துக் கிடக்கு. பாவமா இருக்கு லா."

"அதுக்குப் பாவம் பார்த்தா, என் முதுகை யாரு பார்ப்பா?"

வீறாப்பாகச் சொல்லிவிட்டானே தவிர, அவனுக்கும் பயம்தான். தேருக்கு முதல் நாள் மாரியம்மன் கோயில் வாசலில் போய் நின்றான். திருடப் போகிறவன் வேண்டிக்கொள்வது எந்த ஊர் நியாயம் என்று தன்னையே திட்டிக்கொண்டுதான் கையைக் கூப்பினான்.

"தாயே, நாளைக்கு அந்த வீட்டுல யாரும் குறுக்கே வரக் கூடாது. அது போதும். மூணு சுத்து அங்கப்பிரதட்சணம் பண்றேன்."

இந்த முதுகை வைத்துக்கொண்டு தரையில் உருளுவதாக நேர்ந்துகொண்ட மடையன் மலாக்காவிலேயே நான் ஒருத்தன்தான் என்று திரும்பி வரும்போது நினைத்துக்கொண்டான்.

மறுநாள் மேளச்சத்தம் வீட்டைத் தாண்டியதும் பின்வாசல் வழியாக நுழைந்தான். பாய் சுருட்டியபடி மூலையில் சாய்ந்திருந்தது.

மாத்திரை வேலை செய்துவிட்டது. அது விஷமும் இல்லை, தூக்க மருந்தும் இல்லை. மாதவிலக்கைத் தள்ளிப்போடும் மாத்திரை. தீட்டென்று பின்வாசலில் படுத்திருக்க வேண்டிய சிவகாமசுந்தரி, இந்நேரம் தேருக்குப் பின்னால் நடந்துகொண்டிருந்தாள்.

மருதமுத்து தலையணையைத் தூக்கினான். சாவி இருந்தது. பீரோவைத் திறந்தான்.

அட்டிகைப் பெட்டி காலி. காசுமாலைப் பெட்டி காலி. ஒட்டியாணம் சுற்றிய பட்டுத்துணி மட்டும் மடித்து வைத்திருந்தது.

தனக்கு முன்னால் எவனோ வந்துவிட்டுப் போயிருக்கிறான் என்று அலறியடித்துக்கொண்டு வெளியே வந்து, முதுகைப் பிடித்தபடி ஜெயாவைத் தேடித் தேருக்குப் பின்னால் ஓடினான். கூட்டத்தை விலக்கிப் பார்த்தால், கழுத்திலிருந்து இடுப்புவரை மின்னிக்கொண்டு சிவகாமசுந்தரி நடந்துகொண்டிருந்தாள். பின்னால் பூத்தட்டோடு ஜெயா.

"என்னடி இது?"

"மூணு வருஷமா தேர் பார்க்காத ஆளு. ஆசை தீர அத்தனையும் அள்ளிப் போட்டுக்கிட்டு வந்துடுச்சு. உன்கிட்ட ஓடி வந்து சொல்லலாம்னா, தட்டைக் கையில குடுத்துட்டாங்க."

"கோயிலுக்கு வந்தா நகையைப் போட்டுக்குவாங்கன்னு உனக்குத் தெரியாதா?"

ஜெயா தன் கழுத்தில் கிடந்த மஞ்சள் கயிற்றை இழுத்துக் காட்டினாள். "நான் என்னத்தைப் போட்டேன், எனக்குத் தெரிய?"

மருதமுத்து தேரை அண்ணாந்து பார்த்தான். அம்மனோடு சண்டை போடக்கூட அவனுக்கு வழியில்லை. கேட்டது கேட்டபடி நடந்திருந்தது. அந்த வீட்டில் யாரும் குறுக்கே வரவில்லை.

மூன்று சுற்று அங்கப்பிரதட்சணம் பாக்கி.