பதினேழாவது வரிசை

"உனக்கு மூளை இருக்கா?"

ஜெயகிருஷ்ணன் போட்ட சத்தத்தில் முனியம்மாவின் இடுப்பிலிருந்த குடம் நழுவி வரப்பில் விழுந்தது. தண்ணீர் காராமணிச் செடிகளுக்குள் ஓடியது. அதைப் பார்த்து அவர் இன்னும் கத்தினார்.

வேடந்தாங்கல் போகும் சாலையில் இருக்கிறது அந்தப் பயறு ஆராய்ச்சிப் பண்ணை. ஜெயகிருஷ்ணன் அதன் விஞ்ஞானி. குளிர் அறையில் இருபத்தாறு வருஷம் பாதுகாத்த இருபது நாட்டு ரகங்களை எடுத்து, ரகத்துக்கு ஒரு வரிசை விதைத்திருந்தார். முளைத்த பிறகு சொட்டுத் தண்ணீர் காட்டக் கூடாது. எது தாக்குப் பிடிக்கிறதோ, அதை வைத்துத்தான் வறட்சி தாங்கும் புது ரகம்.

2003. மழையே இல்லாத வருஷம். ஆனாலும் வயல் பச்சைப் பசேல் என்று இருந்தது. நாளை மேலதிகாரிகள் பார்க்க வருகிறார்கள்.

"எத்தனை நாளா ஊத்தறே?"

"ஒரு மாசமா சார். வெயில்ல தலையத் தொங்கப் போட்டுக்கினு நின்னுச்சி. பாவமா இருந்துச்சி. நீங்க வர்றதுக்குள்ள வரிசைக்கு ஒரு கொடம்..."

"பாவமா? மூணு வருஷ வேலை போச்சு! நாளைக்கு அவங்ககிட்ட நான் என்ன சொல்றது?"

முனியம்மா பதினாலு வருஷமாகத் தினக்கூலி. வேலை நிரந்தரமாகும் பட்டியலில் இந்த மாதம்தான் பேர் ஏறியிருந்தது.

ஜெயகிருஷ்ணன் வரப்பிலேயே உட்கார்ந்து புகார் எழுதப் பேப்பரை எடுத்தார். 'அரிய விதை ஆராய்ச்சியைப் பாழாக்கியவர்' என்று எழுதினார்.

"சார், சார்..." பண்ணை உதவியாளர் ஏசுபாதம் ஓடி வந்தார். "இந்த ஒரு தபா விட்டுடுங்க. நேத்துகூட உங்களுக்குன்னு சுண்டல் பண்ணி எடுத்தாந்துச்சே."

"சுண்டல் குடுத்தா எல்லாம் சரியாயிடுமா?"

ஜெயகிருஷ்ணன் முனியம்மா பக்கம் திரும்பினார்.

"இருபது வரிசைக்குமா ஊத்தினே?"

"இல்ல சார். பத்தொம்பதுக்குத்தான். பதினேழுக்கு ஊத்தல."

"அதுக்கு ஏன் ஊத்தலை?"

"அது கேக்கல சார். எந்த வெயில்லயும் அது மட்டும் நேரா நின்னுச்சி. குட்டையாதான் இருந்துச்சி, ஆனா வாடவே இல்ல."

ஜெயகிருஷ்ணன் எழுந்துவிட்டார். பதினேழாவது வரிசையைப் பார்த்தார்.

வெறும் மண்.

முந்தாநாள் அவரேதான் முனியம்மாவிடம் சொன்னார். 'முழங்கால் உயரம்கூட இல்லை, பாக்க அசிங்கமா இருக்கு, வர்றவங்க கண்ணுல படறதுக்குள்ள பிடுங்கிடு.' வரப்பில் நின்றபடி சொன்னார். குனிந்து பார்க்கவில்லை.

"ஏசுபாதம்! குளிர் அறையில அந்த ரகம் மிச்சம் இருக்கா?"

"டப்பா காலி சார். பாதிய எடுத்து வைக்கணும்னு நான் சொன்னேன். பழைய விதை, மொளைக்காதுன்னு நீங்கதான் மொத்தத்தையும் போடச் சொன்னீங்க."

"வேற எங்கேயும்..."

"எங்கயும் இல்ல சார். அந்த ரகம் வெளஞ்ச ஊரு இப்போ பூரா பிளாட்டு."

ஜெயகிருஷ்ணன் முனியம்மாவிடம் திரும்பினார். குரலில் அதட்டல் இல்லை.

"முனியம்மா... பிடுங்கின செடியை எங்கே போட்டேம்மா?"

"செடி குப்பையில கீது சார், காஞ்சி போச்சி. காயத் தூக்கிப் போடத்தான் மனசு வரல. அத்தினி காயி! ஒக்காந்து உரிச்சேன்."

"உரிச்சு? அந்தப் பயறு எங்கே?"

முனியம்மா ஏசுபாதத்தைப் பார்த்தாள். ஏசுபாதம் தரையைப் பார்த்தார். ஜெயகிருஷ்ணன் கையிலிருந்த பேப்பரில் பேர் எழுத வேண்டிய இடம் இன்னும் காலியாக இருந்தது.

"இன்னா சார் இப்படிக் கேக்கறீங்க? ருசியா கீதுன்னு ரெண்டாந்தபா நீங்களே கேட்டு வாங்கித் துன்னீங்களே."